ஒன்றரை வாளி பிஸ்தா பச்சை

வாம்மா, வா. செருப்பு அங்க வேண்டாம், இந்தப் பக்கம் சாக்கு கிடக்குல்ல, அது மேல விடு. ஆங். உக்காரு. வீட்டைப் பொறுமையாப் பாக்கலாம், எங்கயும் ஓடிப் போயிடாது. நூலகத்துலயா வேலை? நல்லது. சத்தம் போடாத உத்தியோகம்.

கீழ் வீடு ஏன் ஏழு மாசமா பூட்டிக் கிடக்குன்னு இந்தத் தெருவுல ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. பேயிருக்குன்னு கூடச் சொல்லுவாங்க. கேவலமான தெரு இது. அதனால நானே சொல்லிடுறேன். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எல்லாம் பெயிண்ட்டால வந்தது. மீந்து போன பெயிண்ட்டு.

போன வருசம் சித்திரையில மஸ்கட்லருந்து மகன் வாரான்னு வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிச்சேன். வந்தான், நாலு நாள் இருந்தான், அதுல மூணு நாள் மாமியார் வீட்டுல. அதை விடு. அய்யாத்துரைன்னு ஒரு பெயிண்டர். அவன் சுவத்தை ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, "யக்கா, ரெண்டரை வாளி போதும், மிஞ்சிப் போனா மூணு"ங்கிறான். டேப்பு இல்ல, நோட்டு இல்ல, கண்ணாலயே அளக்கிறானாம்! நான் தாலுகா ஆபீஸ்ல முப்பத்தி மூணு வருசம் குப்ப கொட்டுனவ. ஊர் நிலத்தையெல்லாம் காகிதத்துல அளந்தவ. நானே டேப்பை எடுத்து நீளம் உயரம் போட்டுப் பெருக்கி, நாலு வாளின்னு சொல்லி இறக்கிட்டேன். கடைசியில ஒன்றரை வாளி மீந்துச்சு. அவன் ஒழுங்கா ரெண்டு கோட்டு அடிச்சிருந்தா மீந்திருக்குமா? கேட்டா, சன்னல் கதவெல்லாம் நான் கழிக்கலைன்னு சொல்றான். சொல்லுவான். வேலைக்காரன் எப்பவும் கணக்குப் போட்டவங்களைத்தான் குறை சொல்லுவான்.

ஒன்றரை வாளி பிஸ்தா பச்சை. அது போக கம்பிக்கு அடிச்ச பிரவுன் எனாமல் ரெண்டு டப்பா. இது தண்ணியில கரையாது, மண்ணெண்ணெய் மாதிரி நாத்தம்.

கடைசி நாள் சாயங்காலம் பாக்குறேன், அய்யாத்துரை எனாமல் டப்பாவைத் தூக்கிக்கிட்டுச் சாக்கடைப் பக்கம் போறான். "எங்கய்யா போற?"ன்னேன். "மிச்சத்தைக் கொட்டிட்டு டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுருவேங்க்கா"ங்கிறான். அவ்வளவு சாதாரணமா! நம்ம சாக்கடை எங்க போகுது தெரியுமா? தெருமுனை ஊருணிக்கு. அதுலதான் ஊர்மாடு பூராவும் தண்ணி குடிக்கும். நான் ஒரு சத்தம் போட்டேன் பாரு, டப்பாவை வச்சவன் வச்சவன்தான். இருபது வருசமா இந்த வேலை பாக்கிறானாம், இருபது வருசமா ஊருணியிலதான் கொட்டியிருக்கான். இந்த ஊர்ல மாடு உயிரோட இருக்கிறதே பெருசு.

அப்ப கீழ குடியிருந்தவ எஸ்தர். தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு. புருசன் பொன்ராஜ், மினி லாரி ஓட்டுறவன். கூட ஒரு மாமியார்க் கிழவி, கண்ணுல புரை. எஸ்தர் சத்தம் கேட்டு வெளிய வந்து, "ஆன்ட்டி, மீந்ததை என்ன செய்யப் போறீங்க?"ன்னா. ஆன்ட்டி! நான் என்ன இங்கிலீஷ்காரியா? ஆனா அவளுக்கு அப்படித்தான் வாய் வரும். "பக்கத்துத் தெரு அங்கன்வாடியில சுவரெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு ஆன்ட்டி. எங்க ஆஸ்பத்திரியிலருந்து தடுப்பூசி முகாமுக்கு அனுப்புறப்பப் பாப்பேன். அதுக்குக் குடுத்தீங்கன்னா எங்க வீட்டுக்காரரே ஞாயித்துக்கிழமை அடிச்சிருவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவங்க அடிப்பாங்களாம். அரைச் சுவரு அடிச்சிட்டு, மிச்சத்தைத் தூக்கி அதே ஊருணியில வீசுவாங்க. எனக்குத் தெரியாதா இந்த ஆளுகளை? "இது பொறுப்பா செய்ய வேண்டிய விசயம் எஸ்தர், உனக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டேன். அவ முகம் சுண்டிப் போச்சு. போகட்டுமே. இன்னிக்குப் பெயிண்ட்டு கேப்பா, நாளைக்குக் கதவைக் கேப்பா.

மறுநாள் காலையில குப்பை வண்டிக்காரி மாரிக்கனி. அவளும் எட்டிப் பாத்துட்டு ஒரு யோசனை சொல்லுறா. "அம்மா, தண்ணிப் பெயிண்ட்டுன்னா நிழல்ல வச்சு, மணலோ மரத்தூளோ கலந்து கெட்டியாக் காய வச்சிருங்க, நான் எடுத்துக்கிடுறேன். எண்ணெய்ப் பெயிண்ட்டை மூடியிறுக்கித் தனியாத் தாங்க." எனக்குப் பாடம் நடத்துறா! குப்பை அள்ளுறவ கிட்ட ரசாயனம் படிக்கணுமா நான்? "நீ ஒன் வேலையைப் பாரு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டா. அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்காது.

நான் முறைப்படி போனேன் தாயி. நகராட்சி ஆபீஸுக்குப் போயி, "வீட்டுல அபாயமான கழிவு இருக்கு, எங்க ஒப்படைக்கணும்?"னு கேட்டேன். அந்தக் கிளார்க்கு பேனாவைக் கீழ வச்சுட்டு, "பாம்பாம்மா?"ங்கிறான். பாம்பு கழிவாடா? நாலு தடவை போனேன். ஒருத்தன் மேசையைக் காட்டினா, அந்த மேசைக்காரன் மாடியைக் காட்டுறான். மாடிக்குப் போனா, சாப்பாட்டு நேரம். நாங்க இருந்த காலத்துல ஆபீஸ் இப்படியா இருந்துச்சு? ஒருத்தர் வந்தா, நாளைக்கு வாங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்புவோம். அலைய விட மாட்டோம்.

பெயிண்ட்டு வித்த கடைக்குப் போனேன். திறக்காத எனாமல் டப்பா ஒண்ணையாவது திருப்பி எடுத்துக்கோன்னு கேட்டேன். "கலர் கலக்கிட்டா திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்"னு சொல்லிட்டு, அடுத்த ஆள் கிட்டப் பேச ஆரம்பிச்சுட்டான். மேடமாம். மேடம்னு சொன்னா மரியாதை குடுத்ததா நெனப்பு.

அதனால வாளியையும் டப்பாவையும் மாடிப்படிக்கு அடியில வச்சேன். நாலஞ்சு மாசம் அங்கதான் இருந்துச்சு. எஸ்தர் ஒரு நாள் வந்து, "ஆன்ட்டி, அது எங்க அடுப்படிக்கு ஒட்டி இருக்கு. எனாமல் டப்பா மூடி சரியா இறுகலை, வாசம் வருது. அத்தைக்கு மூச்சு முட்டுது"ன்னா. அவங்க மாமியாருக்கு எதுக்குத்தான் மூச்சு முட்டாது? நான் வத்தல் வறுத்தாலும் முட்டும். ஆனாலும் நான் பெரிய மனுசி இல்லையா, எல்லாத்தையும் மொட்டைமாடிக்கு ஏத்தச் சொன்னேன். ஏத்தினது பொன்ராஜ்தான். ஏத்திட்டு ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போறான். மனுசனா அவன்? கல்லு.

அப்புறம் ஐப்பசியில என் மகன் போன்ல ஒரு கட்டுரை அனுப்பிச்சான். அதைப் பாத்துத்தான் நான் கண்டுபிடிச்சேன். தண்ணிப் பெயிண்ட்டுல மணலைக் கலந்து காய வச்சுட்டா கெட்டியாயிரும், சாதாரணக் குப்பையில போடலாம். எண்ணெய்ப் பெயிண்ட்டைத் தனியா ஒப்படைக்கணும். எவ்வளவு எளிமை! இதை இந்த ஊர்ல ஒரு நாதியாவது எனக்குச் சொல்லுச்சா? ஒரு ஆளு?

என்னம்மா? மாரிக்கனியா? அவ ஏதோ சொன்னா. அவ சொன்னது வேற, இது வேற. இது கட்டுரை.

உடனே மாடியில தார்ப்பாயை விரிச்சு, ஒரு முழு வாளியை ஊத்தி, மேல ரெண்டு சட்டி மணலைத் தூவி விட்டேன். நல்லா உச்சி வெயில் படட்டும்னு நட்ட நடுவுல. எஸ்தர் துணி எடுக்க மாடிக்கு வந்தவ பாத்துட்டு, "ஆன்ட்டி, மணல் பத்தாதே. தெக்க கருக்குது, மழை வரும் போலருக்கு. ரெண்டு நாள் கழிச்சுச் செய்யலாமே"ன்னா. நர்ஸு வேலைக்கு வானிலையும் சேத்துச் சொல்லிக் குடுக்காங்க போல. "நீ ஊசியை ஒழுங்காக் குத்து"ன்னேன். சொல்லிட்டுப் பென்சன் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்குப் போயிட்டேன்.

போன இடத்துல பிடிச்சுது பாரு மழை. ஐப்பசி மழைக்கு ஒரு ஒழுங்கு உண்டா? நாலு மணிக்கு வரவேண்டியது, பன்னெண்டரைக்கே வந்துருச்சு.

ஒரு விசயம் சொல்லணும். மாடித் தண்ணி விழுற குழாய் நம்ம வீட்டுல எங்க போகுதுன்னா, முன்வாசல்ல தரைக்கு அடியில இருக்கிற தொட்டிக்கு. மழைநீர் சேகரிப்பு. தெருவுலயே முதல்ல கட்டினது நான்தான், கலெக்டரு கையால சான்றிதழ் வாங்கியிருக்கேன். நகராட்சித் தண்ணியும் அதே தொட்டிதான். ரெண்டு வீட்டுக்கும் சமையலு, குடிக்கிறது, குளிக்கிறது எல்லாம் அதுலருந்துதான்.

நான் ஆட்டோவுல வந்து இறங்குறேன், வாசல்ல தெருவே நிக்குது. அத்தனை முகத்துலயும் ஒரு சந்தோசம். தொட்டி மூடி திறந்து கிடக்கு. உள்ள பாத்தா தண்ணி பிஸ்தா பச்சையில பால் மாதிரி நிக்குது. மாடியில ஏறிப் பாத்தா, என் குழாய் வாயில எஸ்தரோட சேலை! நல்ல பூப்போட்ட சேலை, அதைச் சுருட்டி உள்ள அடைச்சு வச்சிருக்கா. மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடியாந்து அடைச்சாளாம். மோட்டாரையும் அவதான் நிறுத்துனாளாம். முக்காவாசிப் பெயிண்ட்டு மாடியிலேயே தங்கிருச்சு, இல்லன்னா அத்தனையும் உள்ள போயிருக்கும்னு ஆளாளுக்குப் புகழுறாங்க. குழாய் விரிஞ்சு போயிருந்தா யாரு பொறுப்பு? அதை ஒருத்தியும் கேக்கல.

அவ பாக்குறதுக்கு முன்னாடியே அந்தக் கிழவி ஒரு செம்பு பிடிச்சுக் கஞ்சி வச்சுக் குடிச்சிருக்கு. கண்ணுல புரை, தண்ணி நிறம் மாறினது தெரியல. ஒரே வாந்தி. எஸ்தர் வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயி, ஒன்றரை நாள் டிரிப்ஸு போட்டாங்க. ஒண்ணும் ஆகல. உயிரோடதான் இருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேனான்னா? போகல. போயி என்ன சொல்லச் சொல்ற? ஒரு ஆள் கிட்ட ஆப்பிள் குடுத்து விட்டேன். அதைத் திருப்பி அனுப்பல, அதுவரைக்கும் சரி.

கிழவியை வீட்டுக்குக் கூட்டியாந்த அன்னிக்கு, பொன்ராஜ் தொட்டித் தண்ணியை மோட்டார் வச்சு இறைக்கக் குழாயை எடுக்கான். சாக்கடைக்குத்தான். நான் தடுக்கணும்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள மாரிக்கனி, "ஏண்ணே, இது ஊருணிக்குல்ல போகும்? மாடு குடிக்கும்ணே"ன்னா. என் வார்த்தையைப் பிடுங்கிட்டா. அவனும் உடனே குழாயை வச்சுட்டான். இதையே நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பானா?

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். தெருவே என் வீட்டுக்குள்ள நின்னு எனக்கு முறை சொல்லிக் குடுக்குது. என் தொட்டி, என் மாடி, என் பெயிண்ட்டு. "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு என் கண்ணு முன்னால நிக்காமப் போங்க!"ன்னு கத்திட்டேன். யாரைப் பாத்துக் கத்தினேன்னா... எஸ்தர்தான் எதிர்ல நின்னா. ஆனா நான் சொன்னது வாளியையும் டப்பாவையும்.

அய்யாத்துரையை வரச் சொல்லியிருக்காங்க, அவன் நாலு பிளாஸ்டிக் பீப்பாயோட வந்தான். மூணு நாளு வேலை. தண்ணியை அள்ளிப் பீப்பாயில ஊத்தி, படிகாரத்தைக் கலக்கி விட்டாங்க. பெயிண்ட்டெல்லாம் தயிர் மாதிரி அடியில இறங்கிருச்சு. மேல தெளிஞ்சதை அடுத்த தெருவுல கட்டட வேலைக்காரங்க சிமிட்டி குழைக்கன்னு கொண்டுபோனாங்க. அடியில நின்ன கசடையும் மாடியில கிடந்ததையும் வழிச்சு, மரத்தூளைக் கொட்டிப் பிசைஞ்சு, பொன்ராஜோட லாரிக் கூண்டுக்குள்ள மழை படாமக் காய வச்சாங்க. அப்பளம் மாதிரி ஆயிருச்சு. மாரிக்கனி சாக்குல கட்டி எடுத்துட்டுப் போனா. தொட்டியைத் தேச்சுக் கழுவி, மறுபடி மறுபடி கழுவி, எஸ்தர் கொஞ்சம் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுப் பரிசோதனைக்குக் குடுத்து, அது நல்லாயிருக்குன்னு எழுதி வந்த பெறகுதான் யாரையும் குடிக்க விட்டா. அது வரைக்கும் எனக்கும் ரெண்டு குடம் தண்ணி மேல வந்துச்சு. யாரு கொண்டாந்து வச்சாங்கன்னு நான் கேக்கல. காலையில கதவைத் திறந்தா இருக்கும்.

எனாமல் டப்பாவை என்ன செஞ்சாங்கன்னு கேளு. மாரிக்கனி வண்டிப் பக்கவாட்டுல ஒரு சிவப்பு டப்பா தொங்குது. இந்த மாதிரி அபாயச் சாமானுக்குன்னே தனியா. பழைய மருந்து, பல்பு, பேட்டரி எல்லாம் அதுல. மூணு வருசமாத் தொங்குதாம். தெனமும் காலையில என் வாசல்ல வந்து நிக்கிற வண்டிதான். "ஏன்டி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நான் நாலு தடவை ஆபீஸுக்கு நடந்தேனே"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. இவளுகளுக்கெல்லாம் ரொம்ப ஏத்தம்மா.

அந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. சண்டையில்ல, சத்தமில்ல. சாவியைக் கொண்டாந்து குடுத்துட்டு, "வாரோம் ஆன்ட்டி"ன்னா. நான் சாவியை வாங்கிக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்ற, கால்ல விழவா? போனப்புறம் மாடிக்குப் போயிப் பாத்தா, மிச்சம் இருந்த அரை வாளியையும் காணோம்.

திருட்டு தானே? அவ கேட்டது அங்கன்வாடிக்குத்தானே? ஆறு மாசம் பொறுத்துப் பாத்துட்டு, நானே போயிக் கேக்குறதுன்னு போன மாசம் அங்க கிளம்பினேன். தூரத்துல வரும்போதே தெரியுது, என் வீட்டுக் கலரு. பிஸ்தா பச்சை. ஒத்தக் கோட்டுதான் அடிச்சிருக்காங்க, ரெண்டு கோட்டுக்கு எங்க பத்தும்? ஓரமெல்லாம் கோணலு. கீழ அரையடிக்குக் கறுப்பா ஒரு பட்டி, பிள்ளைங்க காலு படும்னு. அது மட்டும் கொஞ்சம் புத்தியோட செஞ்சிருக்காங்க.

வாசப்படியில கால் வைக்கிறேன், அங்க இருக்கிற டீச்சரு ஓடி வந்து, "அம்மா, நீங்கதானா? உக்காருங்கம்மா"ன்னு நாற்காலியைப் போடுறா. எனக்கு ஒண்ணும் புரியல. சுவத்தைக் காட்டுறா. சன்னலுக்கு மேல எழுதியிருக்கு, "உபயம்: செண்பகவள்ளி அம்மாள், வட்டாட்சியர் அலுவலகம் (ஓய்வு)". செண்பகவள்ளி! பெரிய ள போட்டு! என் பேரு செண்பகவல்லி. முப்பத்தி மூணு வருசம் கையெழுத்துப் போட்ட பேரு. உபயம் போடுறவளுக்கு எழுத்துக்கூடச் சரியாத் தெரியல.

அன்னிக்குத் தடுப்பூசி நாளு. எஸ்தர் உள்ளருந்து கையைத் தொடச்சுக்கிட்டு வந்தா. கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. நான் கேட்டேன், "யாரைக் கேட்டு எடுத்தே?"ன்னு. "நீங்கதான ஆன்ட்டி எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?"ங்கிறா. "வாளியைச் சொன்னேன்டி, ஒங்களையா சொன்னேன்?"னேன்.

ஒரு பிள்ளை வந்து அவ கையைப் பிடிச்சு இழுத்துச்சு, அதைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "அத்தை எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டேன். ஒரு மரியாதைக்குத்தான். "கண்ணு ஆபரேசன் முடிஞ்சுருச்சு ஆன்ட்டி, இப்ப நல்லாத் தெரியுது"ன்னா. "கீழ் வீடு சும்மாதான் கிடக்கு"ன்னு சொன்னேன். வான்னு கூப்பிடல. இருக்கிற நெலமையச் சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கு அவ சிரிச்சுக்கிட்டு, "நல்ல ஆளா வருவாங்க ஆன்ட்டி"ங்கிறா. பாத்தியா திமிர? நான் எழுத்தைத் திருத்தச் சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

இதான் நடந்தது. இதுல என் மேல என்ன தப்புன்னு நீயே சொல்லு. ஊருணியைக் காப்பாத்தினது நானு. பெயிண்ட்டு குடுத்தது நானு. கடைசியில தெருவுக்கு ஆகாதவளும் நானு.

ஆமா, கேக்கவே மறந்துட்டேன். வீடு காலின்னு நான் ஒரு போர்டுகூட வைக்கலையே, உனக்கு யாரு சொன்னது? ... ஊசி போடப் போன இடத்துலயா? ... எந்த எஸ்தரு?

ஓகோ. அப்போ தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருந்தியா? நூலகம்னா நூலகம்தான். அவளுக்கு என் வீட்டு விசயத்துல என்ன அக்கறை? ... சரி, என்னைப் பத்தி என்ன சொன்னா? ... சும்மா சொல்லு, நான் கோபப்பட மாட்டேன். ... "தனியா இருக்காங்க, ராத்திரி ஒரு தடவை குரல் குடுங்க"ன்னா? அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?

என்ன பேச்சு பாரு. இவ பெரிய டாக்டரு, சீட்டு எழுதி அனுப்பியிருக்கா.

வா, வீட்டைப் பாரு. வலது பக்கச் சன்னலு கொஞ்சம் இறுகும், தோளைக் குடுத்துத் தள்ளணும். அவ அப்படித்தான் தள்ளுவா.